நறுமணத்திற்கு நாணம் வேண்டாமா?

தமிழில் ‘மணம்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று வாசனை, மற்றொன்று திருமணம். அரபு மொழியில் நறுமணப் பொருளுக்கு ‘தீப்’ என்று பெயர். நல்லது, தூயது என்னும் பொருள்தரும் ‘தய்யிப்’ என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான். கடல் இடைப்பட்ட இரு மொழிகள், ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாமலேயே, மணத்தை ஒன்று இல்லறத்தோடும் மற்றொன்று நன்மையோடும் இணைத்து வைத்திருக்கின்றன. மொழியை ஆக்கிய முன்னோர் எதை எதோடு சேர்ப்பது என்று அறிந்திருந்தார்கள்.

இன்றைய விளம்பரக்காரர் மணத்தை எதனோடு சேர்க்கிறார்? நஞ்சோடு சேர்க்கிறார், அபினோடு சேர்க்கிறார், வெடிகுண்டோடு சேர்க்கிறார், ஆடையற்ற உடலோடு சேர்க்கிறார். கேட்டால், ‘இது விளையாட்டு, சற்றே சீண்டிப் பார்க்கும் புதுமை, ரசிக்கத் தெரியாதவர்தாம் கோபப்படுவார்’ என்கிறார். அந்த விடையை ஏற்கலாமா என்பதே இக்கட்டுரையின் வினா.

இதைக் கேட்க நிலக்கோட்டைக்காரனுக்கு என்ன உரிமை என்று எவரும் எண்ண வேண்டாம். மற்ற எவரையும்விட நமக்கே அவ்வுரிமை மிகுதி.

மொட்டிலிருந்து புட்டிக்கு

நிலக்கோட்டையும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களும் பூவால் வாழும் ஊர்கள். மல்லிகை, முல்லை, பிச்சி, சம்பங்கி, கனகாம்பரம் என்று நாள்தோறும் சந்தைக்கு வருகின்றன. மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பெயருக்குப் பின்னால் நம் வட்டாரத்து மண்ணின் உழைப்பும் இருக்கிறது. மல்லிகையை மலர்ந்தபின் பறிப்பதில்லை. மொட்டாகவே பறிக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் செடிகளுக்கிடையே குனிந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

திருமண நாட்களிலும் மார்கழி, தை மாதப் பனியிலும் வரத்துக் குறைந்து கிலோ 2000 ரூபாய்க்கு மேலும் போகும் பூ, கோடையில் குவியும்போது 200 ரூபாய்க்கும் கீழே விழும். சூடுவோர் வாங்கியது போக எஞ்சியது சென்ட் ஆலைகளுக்குச் செல்லும். அங்கே மொட்டு மாலைவரை காத்திருந்து இரவில் இதழ் விரிக்கும். மணம் முதிர்ந்த அந்த வேளையில் அதைக் கலத்திலிட்டு, ஹெக்சேன் என்னும் கரைப்பானால் அதன் சாரத்தை இழுக்கிறார்கள். முதலில் கிடைப்பது மெழுகு போன்ற ‘கான்கிரீட்’. அதைச் சாராயத்தில் கழுவி மெழுகை நீக்கினால் ‘அப்சல்யூட்’ என்னும் தூய சாறு கிடைக்கும். ஒரு கிலோ சாற்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் கிலோ பூ வேண்டும். அதாவது இலட்சக்கணக்கான மொட்டுகள். ஒவ்வொன்றையும் ஒரு கை பறித்திருக்கிறது.

இச்சாறு கடல் கடந்து பிரான்ஸ் முதலிய நாடுகளின் வாசனைக் கூடங்களுக்குப் போகிறது. இம்மல்லிகைக்குத் தாவர நூலார் சூட்டிய ‘சம்பாக்’ என்னும் பெயரே ‘ஸன்பக்’ என்ற அரபுச் சொல்லின் திரிபு. ஒன்பதாம் நூற்றாண்டில் அறிஞர் அல்கிந்தி நறுமணப் பொருள்கள் ஆக்கும் முறைகளை நூற்றுக்கு மேல் தொகுத்து ஒரு நூலே செய்தார். ஆகவே, இத்தொழிலின் மூலப்பொருளும் நம்முடையது. அதன் பழங்கல்வியிலும் நமக்குப் பங்குண்டு. அப்படியிருக்க, அதன் முகத்தில் பூசப்படும் கரியைப் பற்றிப் பேச நாம் ஏன் கூச வேண்டும்?

புட்டியின் வரலாறு

இது நேற்று முளைத்த நோயன்று. 1937ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் எல்சா ஸ்கியாபரெல்லி என்ற ஆடை வடிவமைப்பாளர் ‘ஷாக்கிங்’ என்னும் பெயரில் ஒரு வாசனைத் திரவியம் வெளியிட்டார். அதிர்ச்சி தருவது என்பதே அப்பெயரின் பொருள். அதன் புட்டி, ஒரு திரைப்பட நடிகையின் உடலளவைக் கொண்டு செய்த பெண்ணின் முண்டம். தலை இருக்க வேண்டிய இடத்தில் மூடி! 1993இல் ஜான் பால் கோத்தியே அதே உத்தியை மீண்டும் கையாண்டு, பெண்ணுடல் வடிவப் புட்டியைத் தகர டப்பாவில் அடைத்து விற்றார். டப்பாவில் அடைபட்ட மீனுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டவர்களை ரசனையற்றவர்கள் என்றார்கள்.

1977இல் இவ் சான் லோரான் நிறுவனம் தன் வாசனைக்கு ‘ஓபியம்’ என்று பெயரிட்டது. அபினால் சீரழிக்கப்பட்ட ஒரு தேசத்தின் வழிவந்த அமெரிக்கச் சீனர்கள் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். பெயர் மாறவில்லை, எதிர்ப்பே விளம்பரமாயிற்று. அதே வாசனைக்கு 2000ஆம் ஆண்டில் ஆடையற்ற பெண்ணின் படத்தைப் பிரிட்டன் தெருக்களில் ஒட்டினார்கள். முறையீடுகள் குவிந்து, அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு அதை அகற்றச் சொல்லும்வரை அது ஒட்டியே கிடந்தது. 1985இல் வந்தது ‘பாய்சன்’, அதாவது நஞ்சு. 2005இல் ‘ஃபிளவர்பாம்’, பூவெடிகுண்டு. 2012இல் அதன் ஆண்பால் இணையாக, ஊசியோடு கூடிய கையெறி குண்டின் வடிவில் இன்னொன்று. குண்டு வீழ்ந்து பிள்ளைகள் மடியும் நாடுகளின் செய்தியை ஒரு பக்கத்திலும், குண்டு வடிவ வாசனையை மறுபக்கத்திலும் அச்சிடும் இதழ்களை என்னென்பது?

எல்லாம் ஒரே தட்டில் வைக்கத் தக்கவை அல்ல. 2015இல் மொஸ்கினோ நிறுவனம் சன்னல் கண்ணாடி துடைக்கும் திரவத்தின் புட்டி போலவே ஒரு வாசனைப் புட்டி செய்தது. அது எவரையும் இழிவு செய்யவில்லை. ஆடம்பரத்தைத்தான் கிண்டல் செய்தது. அதைக் கண்டு நகைப்பதில் பிழையில்லை. நகைப்பை வெறுப்பது நம் நோக்கமன்று. எதை வைத்து நகைப்பது என்பதே கேள்வி.

நம் வீட்டுத் திரையில்

பாரிஸ் நமக்குத் தொலைவு. தொலைக்காட்சியோ கூடத்தில் இருக்கிறது. கைப்பேசியோ பிள்ளையின் உள்ளங்கையில் இருக்கிறது. இளைஞன் ஒருவன் அக்குளில் ‘டியோடரண்ட்’ தெளித்துக்கொள்கிறான். உடனே கண்ட பெண்ணெல்லாம் மதிமயங்கி அவன்மீது விழுகிறாள். கடந்த இருபது ஆண்டுகளில் இக்கதையை எத்தனை முறை பார்த்திருப்போம்! 2011ஆம் ஆண்டு மே மாதம் நடுவண் அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே இத்தகைய விளம்பரங்கள் எல்லை மீறுகின்றன என்று கண்டு, அவற்றைத் திருத்தவோ நிறுத்தவோ செய்யுமாறு விளம்பரத் தர அமைப்புக்கு எழுதியது.

திருந்தினார்களா? 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம், கிரிக்கெட் ஒளிபரப்பின் நடுவே, ‘லேயர் ஷாட்’ என்னும் தெளிப்பானின் விளம்பரம் வந்தது. கடையில் ஒரு பெண் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் நான்கு ஆண்கள், ‘நாம் நால்வர், இருப்பதோ ஒன்று, ஷாட் யாருக்கு?’ என்னும் பொருள்படப் பேசிக்கொள்கிறார்கள். அவள் அஞ்சித் திரும்புகிறாள். பேச்சு அவளைப் பற்றியதன்று, அலமாரியில் எஞ்சிய ஒரு புட்டியைப் பற்றியது என்று பிறகு தெரிகிறதாம்! இதுதான் நகைச்சுவை. நாடு கொதித்தது. அமைச்சகம் அதை வலைத்தளங்களிலிருந்து நீக்க ஆணையிட்டது. நிறுவனம் மன்னிப்புக் கோரியது.

வாசகர்களே, அந்தக் காட்சியைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். நகைப்பு எங்கிருந்து பிறக்கிறது? அப்பெண்ணின் முகத்தில் தோன்றிய அச்சத்திலிருந்து. அந்த அச்சம் பொய்யா? இந்நாட்டில் பேருந்திலும் தெருவிலும் நான்கு ஆண்குரல்கள் பின்னால் கேட்டால் நடையை விரைவுபடுத்தாத மகள் உண்டா? உண்மையான அச்சத்தை முதலாக்கி, அதன்மீது வட்டி வாங்கும் வாணிகத்திற்கு விளையாட்டு என்றா பெயர்?

விளையாட்டுக்கு ஓர் இலக்கணம் உண்டு. ஆடுவோர் அனைவரும் ஆட இசைந்திருக்க வேண்டும். ஒருவன் சிரிக்க ஒருத்தி சுருங்கினால் அது சீண்டல். நம் மாவட்டத்தின் திண்டுக்கல் பூட்டைப் பாருங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அப்பூட்டுகளைக் கையால் செய்த கம்மியர்கள், வடிவமைப்பில் விளையாட்டை அறியாதவர்களா? மாங்காய் வடிவில் பூட்டுச் செய்தார்கள். திறக்கும்போது மணியொலிக்கும் பூட்டுச் செய்தார்கள். எளிதில் பிடிபடாத தந்திரங்களை உள்ளே ஒளித்து வைத்தார்கள். அதுவும் புதுமைதான், அதுவும் குறும்புதான். ஆனால் அந்தக் குறும்பு வீட்டுக்காரனுக்குக் காவல். திகைப்பவன் திருடன் ஒருவனே. டியோடரண்ட் விளம்பரத்திலோ திருடன் சிரிக்கிறான். திகைப்பவள் வீட்டுப் பெண். கைத்திறன் அறத்தோடு நிற்பதற்கும் அதை விட்டு விலகுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

‘பூக்காரனுக்கு இலாபந்தானே?’

இன்னொரு வாதமும் உண்டு. எப்படியாவது வாசனை விற்றால் பூவுக்கு விலை கிடைக்கும்; வயிற்றுப்பாட்டை மறந்து ஒழுக்கம் பேசலாமா என்பர். வயிற்றுப்பாட்டை நாம் மறக்கவில்லை. ஆனால் கணக்கைச் சரியாகப் போடுவோம். மல்லிகைச் சாறு கிலோ இலட்சக்கணக்கில் விலைபோவது. சில நூறு ரூபாய்த் தெளிப்பானில் அது மணக்க மணக்க இருக்க இயலாது. அங்கே மல்லிகை போல மணப்பது பென்சைல் அசிடேட் முதலிய செயற்கைச் சேர்மங்கள். எனவே அவ்விளம்பரம் எவ்வளவு கூச்சலிட்டாலும் நிலக்கோட்டைச் சந்தையில் பூ விலை ஏறப்போவதில்லை. விலையுயர்ந்த புட்டியிலோ உண்மைச் சாறு சிறிது இருக்கும். ஆயினும் வாங்குவோன் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி புட்டிக்கும் பெயருக்கும் படத்துக்கும் கடைக்குமே போகிறது. பறித்தவளின் பங்கு துளியினும் துளி. வெட்கத்தை விற்றவனுக்குக் கொழுத்த கூலி. மொட்டைப் பறித்தவளுக்கு நாட்கூலி.

நம் வாசலையும் பெருக்குவோம்

பிறர் குற்றம் பேசியது போதும். நம் குடும்பங்களில் நறுமணம் புதிய பழக்கமன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நறுமணத்தை விரும்பினார்கள். அன்பளிப்பாக வந்த வாசனையை மறுத்ததில்லை என்பது ஹதீஸ்களில் காணும் செய்தி. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் குளித்து மணம் பூசிச் செல்கிறோம். மணவிழாவில் பன்னீர் தெளிக்கிறோம். இறந்தாரைக் குளிப்பாட்டும் இறுதி நீரிலும் கற்பூரம் சேர்க்கிறோம். நல்ல தோழனுக்குக் கஸ்தூரி விற்பவனை உவமை கூறிய மார்க்கம் இது. அவனிடம் வாங்காவிட்டாலும் அருகிருந்தவனுக்கு மணமாவது கிட்டும் என்பது அவ்வுவமையின் கருத்து. அருகிருப்பவருக்கு இன்பம் தருவதே மணத்தின் இயல்பு, அருகிருப்பவளை அச்சுறுத்துவதன்று.

ஆனால் நாம் செய்வதென்ன? அயல்நாட்டிலிருந்து வரும் மகன் கொண்டுவரும் பெட்டியில், புட்டியின் வடிவத்தையும் பெயரையும் பாராமல், விலையை மட்டும் பார்த்துப் பெருமை கொள்கிறோம். போதைக்கு எதிராக மேடையில் முழங்கிவிட்டு, ‘ஓபியம்’ என்னும் பெயரைச் சட்டையில் தெளித்துக்கொள்கிறோம். இதைவிடப் பெரிய பிழை ஒன்றும் உண்டு. நாகரிகம் கெட்டது என்றவுடன் நம்மில் பலர் மகளைக் கூப்பிட்டு உடை பற்றி அறிவுரை சொல்கிறோம். அந்த விளம்பரங்கள் யாரை நோக்கிப் பேசுகின்றன? மகனை நோக்கி. புட்டியை வாங்குபவன் அவன். பெண் என்பவள் ஒரு தெளிப்புக்கு மடியும் பொருள் என்ற பாடத்தைக் கற்பவன் அவன். பாடம் படிப்பவன் ஒருவன், தண்டனை பெறுபவள் வேறொருத்தி என்பது எந்த நீதி? பார்வையைத் தாழ்த்தும் கட்டளை திருமறையில் முதலில் ஆண்களுக்கே கூறப்பட்டது என்பதை ஓதியவர்கள் அறிவார்கள். ஓதியவர்கள் மகனிடம் அதைச் சொல்லவும் வேண்டும்.

செய்ய வேண்டியவை

சட்டம் இல்லாமல் இல்லை. பெண்களை இழிவாகச் சித்திரிப்பதைத் தடுக்கும் சட்டம் 1986இலேயே வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் விளம்பரத் துறையினரே தமக்கென ஒரு தர அமைப்பை ஏற்படுத்திக்கொண்டனர். அங்கே எவரும் முறையிடலாம். எனினும் இவையெல்லாம் பெரும்பாலும் நஞ்சு பரவியபின் வரும் மருந்து. 2022இல் மக்கள் குரல் எழுந்ததால்தான் அந்த விளம்பரம் இறங்கியது. ஆகவே முதற்காவல் நாம்தான்.

வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து விளம்பரத்தைப் பாருங்கள். ‘இதில் சிரிப்பவர் யார்? சிரிப்புக்கு விலை கொடுப்பவர் யார்?’ என்று கேளுங்கள். தடை போடுவதைவிட அந்த ஒரு கேள்வி நெடுநாள் நிற்கும். கடை வைத்திருக்கும் சகோதரர்கள், இழிவான படம் தாங்கிய தட்டியைத் தம் முகப்பில் மாட்ட மறுக்கலாம். திருமணத்திற்கும் பெருநாளுக்கும் பரிசளிப்போர், மனிதரின் இழிவையும் போரையும் போதையையும் வேடிக்கையாக்காத பொருளைத் தேர்ந்து அளிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நிலக்கோட்டையில் சென்ட் தொழிற்சாலை வேண்டும் என்னும் இவ்வட்டாரத்தின் நெடுநாள் கோரிக்கையில் இதையும் சேர்த்துக் கேட்போம்: சாறு மட்டுமன்று, புட்டியும் பெயரும் இங்கேயே ஆகட்டும். பறித்த பெண்ணின் மதிப்பு குறையாத ஒரு பெயரை, அவள் மகளும் மகனும் கூசாமல் வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரு பெயரை, அப்புட்டிக்கு இடுவோம்.

தமிழர் முல்லையின் பெயரால் ஒரு திணையே வகுத்து, அதற்கு இருத்தலை, பொறுமையோடு காத்திருத்தலை, உரிப்பொருளாக்கினார்கள். அதன் உறவான மல்லிகையும் மொட்டாகக் காத்திருந்து, இருளில் மலர்ந்து, எவரையும் கூவி அழைக்காமல் மணக்கிறது. மணத்திற்கு நாணம் இயற்கை. அதை விற்க வந்தவனுக்கு அது இல்லையென்றால், வாங்க வந்தவனுக்காவது இருக்கட்டும்.