முதல் நாள் வெயில்
வெயிலில் ஓடிப் பழக உடம்புக்கு 10 முதல் 14 நாள் வேண்டும். முதல் சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். அதே ஓட்டத்துக்கு இதயம் முன்போல் படபடக்காது. வியர்வை மாறக் கொஞ்சம் தாமதமாகும். மாறிய பிறகு சீக்கிரமே, நிறையவே சுரக்கும். ஆனால் உப்பு குறைந்திருக்கும். வெளியேறவேண்டிய உப்பை வியர்வைச் சுரப்பியே மீட்டுக்கொள்கிறது, எனக்குத் தீராத வியப்பு இது. பழகுவதற்கான இந்த அவகாசம் கிடைக்காத புதியவர்கள்தான் பெரும்பாலும் சுருண்டு விழுகிறார்கள். அமெரிக்காவில் வெயில் வேலைக்குப் புதிதாக வருபவருக்கு முதல் நாள் 20 சதவீத நேரமே கொடுத்து, தினமும் 20 சதவீதம் கூட்டச் சொல்கிறது அரசின் பரிந்துரை. கோடைப் பயிற்சி முகாமின் முதல் நாளிலேயே பிள்ளைகளை மைதானம் சுற்றவிடுவதை நாம் நிறுத்தியாக வேண்டும். ஒரு மாதம் வெயில் படாமல் இருந்துவிட்டுத் திரும்பும் பழைய வீரருக்கும் இதே கணக்குத்தான்.