ஹால்டிக்கெட்டில் கையெழுத்திடுபவரும் உயிர் காக்கலாம்

தமிழ்நாட்டில் பிளஸ் டூ தேர்வில் ஒரு பாடத்தில் தவறினாலும் அந்த ஆண்டின் கல்லூரிச் சேர்க்கை கைநழுவிப்போன காலம் ஒன்று இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு உடனடித் துணைத் தேர்வு வந்தது. தவறியவர்கள் சில வாரங்களிலேயே மறுபடி எழுதி, அதே ஆண்டில் கல்லூரிக்குள் நுழைய முடிந்தது. தேர்வுத் தோல்வியை ஒட்டிய தற்கொலைகளைக் குறைத்த நடவடிக்கை இது என்று சென்னை 'சிநேகா' அமைப்பின் நிறுவனரும் மனநல மருத்துவருமான லட்சுமி விஜயகுமார் சுட்டிக்காட்டி வருகிறார். இத்தனைக்கும் அது கல்வித் துறையின் ஓர் ஆணைதான்.

கல்லூரிகளுக்கு இந்த அனுபவம் இன்னும் போய்ச் சேரவில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மாணவர்களின் மனநலத்துக்காகத் தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரிலேயே 'மனம்' திட்டத்தைத் தொடங்கியிருந்தது. இரண்டும் வரவேற்க வேண்டியவை. ஆனால், ஆலோசகரை நியமித்ததோடு கடமை முடிந்தது என்று நிர்வாகங்கள் நினைத்துவிடக் கூடாது.

ஒரு மாணவியின் அப்பா விபத்தில் அடிபட்டுப் படுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவள் மாலையில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறாள். பகலில் ஆஸ்பத்திரி. அட்டெண்டன்ஸ் குறைகிறது, கட்டணம் பாக்கி நிற்கிறது, அரியர் சேர்கிறது. தூக்கம் கெட்டு, யாரோடும் பேசாமல் ஒடுங்கிப்போகிறாள். ஆலோசகர் அவள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பார்; ஹால்டிக்கெட் தர அவருக்கு அதிகாரமில்லை. அந்த அதிகாரம் கல்லூரி முதல்வரிடமும் அலுவலகத்திடமும் இருக்கிறது.

2016-ல் டெல்லியில் சட்டம் படித்த மாணவர் ஒருவர், வருகைப்பதிவு குறைவு என்று தேர்வெழுத அனுமதிக்கப்படாத நிலையில் உயிரை மாய்த்துக்கொண்டார். தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. ஆனாலும் அந்த மரணத்தை ஒட்டிய வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் தெளிவாகவே தீர்ப்பளித்தது: வருகைக் குறைவைக் காரணம் காட்டி எந்தச் சட்ட மாணவரையும் தேர்வெழுத விடாமல் நிறுத்தக் கூடாது. ஒன்பது ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் சொன்னதை மற்றப் படிப்புகளுக்கும் கொண்டுவர, இன்னொரு மரணத்துக்காகக் காத்திருக்க வேண்டுமா?

கண்டிப்பு தளர்ந்தால் வகுப்பறை காலியாகும் என்று பேராசிரியர்கள் கவலைப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால், ஊர் சுற்றுகிறவரையும் உடைந்துபோனவரையும் பிரித்தறிய வகுப்பு ஆசிரியரால் முடியும். அவர் பரிந்துரைத்தால் முதல்வர் விதியைத் தளர்த்தலாம் என்ற ஏற்பாடு இருந்தால் போதும்.

இருக்கும் விதிகளே பலருக்குத் தெரிவதில்லை. தகுந்த காரணம் இருந்தால் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு மறுபடி தொடரவும், தேர்விலிருந்து விலகிப் பின்னர் எழுதவும் அண்ணா பல்கலைக்கழக விதிகள் இடம் தருகின்றன. மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. முதலாண்டு மாணவர்களை வரவேற்கும் நாளில் ராகிங் தடுப்பைப் பற்றிப் பேசும் அதே மேடையில், பெற்றோரையும் வைத்துக்கொண்டு இவற்றைச் சொல்லலாம். எந்த நேரமும் இலவசமாக அழைக்கக்கூடிய டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் அங்கேயே குறித்துக்கொள்ளச் சொல்லலாம்: 14416.