பிஜ் கிராமத்தில் முடிந்தது ராயப்பேட்டையில் ஏன் முடியாது?

ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து சுவாமி சிவானந்தா சாலை தூர்தர்ஷன் நிலையம் அதிக தூரமில்லை. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி தொடங்கி ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அதன் பிறகு தனியார் சேனல்கள் எத்தனையோ வந்தாயிற்று. ஆனாலும் ஜாம்பஜார் சந்தையோ ராயப்பேட்டை அரசு மருத்துவமனையோ திரையில் தெரிய வேண்டுமானால், ஒன்று அங்கே தீப்பிடிக்க வேண்டும், இல்லையேல் அமைச்சர் வர வேண்டும்.

தொலைக்காட்சி என்றால் மாநிலம் முழுக்கப் போய்ச் சேர வேண்டும் என்று யார் சொன்னது? அதே 1975-ல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில், அமுல் பிறந்த ஆனந்த் வட்டாரத்தில், வேறொரு முயற்சி தொடங்கியது. பிஜ் என்ற கிராமத்தில் வெறும் ஒரு கிலோவாட் டிரான்ஸ்மிட்டரை நட்டார்கள். நிகழ்ச்சிகளைத் தயாரித்தது இஸ்ரோவின் அகமதாபாத் மையம். ஊருக்குப் பொதுவாக வைத்த பெட்டியின் முன் மாலையில் கிராமமே கூடியது. தீண்டாமை, கூலி, குடிப்பழக்கம், பெண்கள் படும் பாடு எல்லாம் வட்டாரப் பேச்சிலேயே நாடகங்களாயின. கிராமத்தாரும் அவற்றில் நடித்தார்கள். விளம்பரம் கிடையாது. 1984-ல் ஊரகத் தகவல்தொடர்புக்கான யுனெஸ்கோ விருது இந்தத் திட்டத்தைத் தேடி வந்தது.

மறு ஆண்டே பிஜ் டிரான்ஸ்மிட்டரை மூடினார்கள். விவசாயிகள் போராடியும் பயனில்லை.

டெல்லியின் கவனம் அப்போது வேறு பக்கம் இருந்தது. 1984-ல் சில மாதங்கள் நாளுக்கொன்று என்ற வேகத்தில் நாடெங்கும் டிரான்ஸ்மிட்டர்கள் முளைத்தன. பெரும்பாலானவை 100 வாட் சக்தி கொண்டவை. ஒரு நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் எட்டும், அவ்வளவுதான். உள்ளூர்த் தொலைக்காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான கருவி ஏது? ஆனால் அங்கே ஸ்டூடியோவும் இல்லை, கேமராவும் இல்லை. டெல்லி அனுப்பியதை அப்படியே வாங்கி மறுஒளிபரப்பு செய்வது மட்டுமே வேலை. ஆண்டெனாவைக் கஷ்டப்பட்டுத் திருப்பிவைத்த தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் இந்திச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தன. 2022 மார்ச்சுக்குள், எல்லைப்புறம் போன்ற சில இடங்கள் தவிர, பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் மூடுவிழா நடந்தது.

சென்னைக்கு உள்ளூர்த் தொலைக்காட்சி என்று ஒன்று வாய்த்ததென்றால், அதைத் தந்தவர் 1990-களின் கேபிள்காரர்தான். ஒரு சின்ன அறை, ஒரு விசிஆர், மொட்டை மாடிகளைத் தாண்டிப் போகும் ஒயர். அவருடைய சொந்தச் சேனலில் திருட்டுப் படமும் ஓடியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கூடவே கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, பக்கத்துத் தெரு ஜவுளிக்கடை விளம்பரம் எல்லாம் ஓடின. 2012-ல் பெருநகரங்களில் கேபிள் டிஜிட்டல்மயமாகத் தொடங்கியதும் சிக்னல் பெரிய நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விட்டது. கேபிள்காரர் மாதச் சந்தா வசூலிப்பவராகச் சுருங்கினார்.

இத்தனைக்கும் முன்னுதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கிய அண்ணா எஃப்எம், நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி. குறைந்த சக்தி, சிறிய வட்டாரம், உள்ளூர் மக்களின் குரல் என்று வானொலிக்கு விதிகள் வகுத்த அரசு, தொலைக்காட்சிக்கு அப்படி எதையும் செய்யவில்லை. அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது.

கையில் யூடியூப் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். யூடியூப் ஊரைப் பார்த்து ஓடுவதில்லை. எது அதிகம் பார்க்கப்படுகிறதோ அதன் பின்னால் ஓடுகிறது. மெட்ரோ பணிக்காக ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் எந்தப் பக்கம் அடைப்பு, எந்தத் தெருவில் குடிநீர் வராது என்பவை லட்சம் பார்வைகளைத் தரும் சங்கதிகள் அல்ல. இவற்றைச் சொல்லும் கடமையை உரிமத்தோடு சேர்த்துக் கொடுத்தால்தான் யாராவது சொல்வார்கள்.

புதிய கோபுரம் எதுவும் தேவையில்லை. அரசு கேபிள் நிறுவனம் மாநில அரசின் கையிலேயே இருக்கிறது. மாநகராட்சி மண்டலத்துக்கு ஒரு சேனல் என ஒதுக்கி, கல்லூரிகளிடமோ குடியிருப்போர் சங்கங்களிடமோ ஒப்படைக்கலாம். முதல் நிகழ்ச்சியாகத் தேனாம்பேட்டை மண்டலக் குழுக் கூட்டத்தை வெட்டாமல் காட்டட்டும். கேமரா வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் உறுப்பினர்கள் நேரத்துக்கு வரவும்கூடும்.