கணக்கைக் காட்டுங்கள், பிறகு நட்டத்தைப் பேசுவோம்



சம்பளப் பேச்சு என்றாலே கம்பனிகளின் வாயில் வருவது ஒரே சொல்: நட்டம். எமது சம்பளச் சீட்டில் சேமலாப நிதிக்குப் பிடிக்கும் 8 சதவீதம் முதல் முற்பணம் வரை ஒவ்வொரு ரூபாயும் எழுதப்பட்டிருக்கிறது. எமது கணக்கு காரியாலயத்துக்குத் தெரியும். கம்பனியின் கணக்கு எமக்குத் தெரிய வேண்டாமா?

1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போனபோது காணி விற்கப்படவில்லை. 2045 வரை குத்தகைக்கே கொடுக்கப்பட்டது. அத்துடன் திறைசேரிச் செயலாளர் பெயரில் ‘தங்கப் பங்கு’ ஒன்றும் வைக்கப்பட்டது. இரண்டு வார முன்னறிவித்தலுடன் கணக்குப் புத்தகங்களைப் பார்வையிட அதற்கு உரிமை உண்டு. ஒவ்வொரு காலாண்டும் முடிந்து 60 நாட்களுக்குள் கம்பனி அதற்கு அறிக்கை தர வேண்டும். ஆகவே, கணக்கைப் பார்க்க வழியில்லை என்று அரசாங்கம் சொல்ல முடியாது.

கேகாலை, பலாங்கொடை, காவத்தை பெருந்தோட்டக் கம்பனிகள் பங்குச் சந்தையில் இருப்பவை. அவற்றின் ஆண்டறிக்கைகளை எவரும் வாசிக்கலாம். இலாப நட்டத்தோடு நின்றுவிடக் கூடாது. முகாமைக் கட்டணம் எவ்வளவு, சகோதரக் கம்பனிகளுடன் கொடுக்கல் வாங்கல் என்ன என்ற பக்கங்களையும் பார்க்க வேண்டும். தேயிலையை என்ன விலைக்கு எந்தக் கம்பனிக்குக் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே இலாபம் எந்தக் கணக்கில் விழும், எவ்வளவு வரி கட்டப்படும் என்பது தீர்மானமாகும்.

இதில் பொதுப் பணமும் இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் ஐந்தாண்டுகளுக்குப் பயிர்ச்செய்கை வருமானத்துக்கு வரிவிலக்கு கிடைத்தது. 2024இல் 1,700 ரூபாய்க்கு வர்த்தமானி வந்தபோது கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. முடிவில் 1,350 ரூபாய்தான் கிடைத்தது. 2026 வரவு செலவுத் திட்டமோ கம்பனியின் பங்கை 1,550 ரூபாயாக்கி, வருகைக் கொடுப்பனவான 200 ரூபாயை அரசாங்கமே தருவதாக அறிவித்து, 500 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்த 200 ரூபாய் நாட்டு மக்களின் வரிப்பணம். கடைச் சாமானுக்கு வரி கட்டும் நாமும் அதில் பங்காளிகள்.

கணக்குக் காட்டாதவருக்கு எந்த வங்கியும் கடன் கொடுக்காது. திறைசேரி மட்டும் ஏன் கேட்காமல் கொடுக்க வேண்டும்?

2021 உரத் தடையில் கொழுந்து குறைந்ததை நாமே மலையில் கண்டோம். உண்மையான நட்டமென்றால் கணக்கே அதைச் சொல்லும், நாமும் நம்புவோம்.

அடுத்த பேச்சுவார்த்தைக்கு முன் ஐந்தாண்டுக் கணக்காய்வு அறிக்கைகள் தமிழில் மேசைக்கு வர வேண்டும். தங்கப் பங்கு அறிக்கைகளைத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் திறைசேரியிடம் கேட்போம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தன் கம்பனியின் ஆண்டறிக்கையைப் பெற்று, அடுத்த கூட்டத்தில் வாசிக்கட்டும்.