100 எப்படி 12 ஆனது?

செயின்ட்-மிஷேலில் இருக்கிற ஒரு வாசகி எழுதியிருந்தா: "100 மெகா எண்டு சொல்லித்தான் இன்டர்நெட் தந்தவை. மகன் கேம் இறக்கேக்க திரையில 12தான் காட்டுது. முந்தாநாள் கதவைத் தட்டி வந்த ஒருத்தர், உங்கட லைன் காணாது, 500க்கு மாறுங்கோ எண்டு சொல்ல, அம்மா கையெழுத்தும் போட்டிட்டா. மாசம் 35 டொலர் கூட. இவ்வளவு நாளும் ஏமாந்திட்டமா?"

இல்லை. பழைய லைனில் ஒரு பிழையும் இல்லை. அந்த 12தான் உங்கட 100.

கம்பனிகள் வேகத்தை விற்பது மெகாபிட் கணக்கில். கேம், படம், ஃபைல் எல்லாம் இறங்கும்போது திரை பெரும்பாலும் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100ஐ எட்டால் பிரித்தால் 12.5. பார்சலுக்கு மேல் விலாசம் ஒட்டுவது போல, ஒவ்வொரு துண்டுத் தரவோடும் போகிற குறிப்புகளுக்கும் கொஞ்சம் இடம் வேணும். அதனால் 11, 12 எண்டு காட்டினால் லைன் சரியாகத்தான் ஓடுது.

குழப்பத்துக்குக் காரணம் ஆங்கிலம். இரண்டு சொல்லும் 'பி'யில் தொடங்குது. சின்ன 'பி' எண்டால் பிட், பெரிய 'பி' எண்டால் பைட். கண்ணாடி போட்டும் தவறவிடலாம். இந்த இடத்தில் எங்களுக்குப் பிரெஞ்சு கைகொடுக்கும். 1977இல் வந்த 101ஆம் சட்டத்தால் எங்களில் கனபேர் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த ஆக்கள்தானே. பிரெஞ்சில் பைட்டுக்குப் பேர் 'ஒக்தே'. ஒக்டோபஸின் எட்டுக் கால் போல, அந்தப் பேருக்குள்ளேயே எட்டு இருக்கு. சுருக்கி எழுதும்போதும் 'எம்'முக்குப் பக்கத்தில் 'ஓ' வரும். பிட், பிரெஞ்சிலும் பிட்தான். 'ஓ'வைக் கண்டால் எட்டு எண்டு பிள்ளையளுக்கும் சொல்லிக் குடுங்கோ.

இனி அந்த 35 டொலர். 50 ஜிகாபைட் கேம் ஒன்று 100 லைனில் இறங்க 4,000 செக்கன், அதாவது ஏறக்குறைய 67 நிமிடம். 500 லைனில் 13 நிமிடம். 54 நிமிடத்தை மிச்சம் பிடிக்க வருசத்துக்கு 420 டொலர்! பெடியன் படுக்கப் போகேக்க போட்டுவிட்டால் விடிய இறங்கியிருக்கும். படம் பார்க்கவும் அவ்வளவு தேவையில்லை. நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பது 15 மெகாபிட். மூன்று டிவியில் ஒரேநேரம் ஓடினாலும் 45தான். வீட்டில் நாலைந்து பேர் ஒரேநேரம் பெரிய ஃபைல்களோடு வேலை செய்தால் கதை வேறை.

நான் பார்க்கச் சொல்வது மற்ற எண்ணை, மேலே அனுப்புகிற வேகத்தை. விளம்பரத்தில் அது சின்ன எழுத்தில் இருக்கும். கனடாவின் தொலைத்தொடர்பு ஆணையம் 2016இல் வீடுகளுக்கு வைத்த இலக்கு, இறக்க 50 மெகாபிட், அனுப்ப 10. அந்தப் பத்தை எட்டால் பிரித்தால் 1.25 மெகாபைட். மகளின் அரங்கேற்ற வீடியோ 3 ஜிகாபைட் எண்டால், யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மம்மாவுக்காக அதை ஏற்றி முடிக்க 40 நிமிடம். வீடியோ கோலில் எங்கட முகம் அவவுக்கு உறைந்து போய்த் தெரிவதும் சிலவேளை இதனால்தான். இறக்குகிற வேகத்தை மட்டும் 500 ஆக்கினால் அது மாறாது.

எதையும் மாற்ற முதல் கணினியை ரவுட்டரோடு கேபிளில் இணைத்து வேகத்தைச் சோதியுங்கோ. சோதனைத் தளங்கள் பெரும்பாலும் மெகாபிட்டில்தான் காட்டும். அதைப் பிரிக்கத் தேவையில்லை. கேபிளில் 95 வந்து பேஸ்மன்ட் அறையில் 20 வந்தால், பிரச்சினை வைஃபையில். ரவுட்டரை நடுவீட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கோ, செலவில்லை.

வாசகிக்கு உடனேயே பதில் போட்டாச்சு. கியூபெக் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வீடு தேடி வந்து விற்ற ஒப்பந்தத்தை, அதன் பிரதி கையில் கிடைத்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். ஒப்பந்தத்தோடு அதுக்கான படிவமும் இணைத்திருக்க வேணும். நிரப்பி அனுப்பி, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கோ. போனில் சொல்லிவிட்டு இருந்துவிடாதேங்கோ, எழுத்தில் போகவேணும்.