சிக்ஸருக்குப் பின் ஸ்கேன்

2012 செப்டம்பர் 11 அன்று சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிரான இருபது ஓவர் ஆட்டத்தில் இந்தியா ஒரே ஒரு ரன்னில் தோற்றது. தோற்ற ஆட்டத்தை யாரும் திரும்பப் போட்டுப் பார்ப்பதில்லை, இது விதிவிலக்கு. கீமோ முடிந்து ஆறு மாதத்தில் யுவராஜ் சிங் இந்தியாவுக்காக மறுபடி மட்டை பிடித்த நாள் அது. 26 பந்துகளில் 34 ரன் எடுத்தார். அந்த ஆட்டத்தின் துண்டுக் காணொளி இந்த வாரமும் மீனவ ஊரான காரைக்கால்மேட்டின் கைபேசிகளில் ஒரு சுற்று வந்தது. கேன்சரை அடித்து விரட்டியவர் என்ற தலைப்பும் கூடவே வந்தது; எரிச்சலும்தான்.

முன்கதை ஊரறிந்தது. 2011 உலகக் கோப்பையில் 362 ரன், 15 விக்கெட், தொடர் நாயகன் விருது. அந்தத் தொடரில், இதே சேப்பாக்கத்தில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 113 ரன் அடித்தபோது மைதானத்திலேயே வாந்தி எடுத்தார். சென்னை வெயில் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு நுரையீரலுக்கும் நடுவே செமினோமா வகைக் கட்டி இருப்பது பிறகுதான் தெரிந்தது. 2012 தொடக்கத்தில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் மருத்துவர் லாரன்ஸ் ஐன்ஹார்னின் மேற்பார்வையில் மூன்று சுற்று கீமோ, ஏப்ரலில் ஊர் திரும்பினார், செப்டம்பரில் மைதானம். காணொளி இத்தோடு நின்றுவிடுகிறது.

இதில்தான் தமிழ் சினிமா மீது இப்பத்திக்கு உள்ள பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வருகிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1982 என்ற ஒரே ஆண்டில் ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’ என இரண்டு வெற்றிப் படங்கள். இரண்டிலும் நாயகனுக்குப் புற்றுநோய், இரண்டிலும் சாவு. ஒன்றுக்கு கங்கை அமரன் இசை, இன்னொன்றுக்கு இளையராஜா. பாடல்கள் இன்றும் பேருந்துகளில் ஒலிக்கின்றன. இந்த நோய் வந்தால் பாட்டுப் பாடிவிட்டுச் சாக வேண்டியதுதான் என்ற பாடமும் கூடவே ஒலிக்கிறது. அதே சென்னையில் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954 முதல் நடந்துகொண்டிருந்தது. சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்து, பரவிவிட்ட விதைப்பைப் புற்றுநோயையும் (செமினோமா அந்தக் குடும்பம்தான்) குணமாக்கலாம் என்று ஐன்ஹார்ன் காட்டத் தொடங்கியது 1974-இல். படங்கள் வந்தபோது அதற்கு வயது எட்டு. சினிமாவில் நோய் சாவில் முடிகிறது. காணொளியில் சிக்ஸரில் முடிகிறது. டோக்கன் வாங்கிக்கொண்டு செக்-அப்புக்கு உட்கார்ந்திருப்பவர் இரண்டிலும் இல்லை. மிச்ச வாழ்க்கை முழுவதும் இருப்பதோ அங்கேதான்.

செக்-அப்புக்கு வேலை இரண்டு. முதலாவது, நோய் திரும்பினால் சீக்கிரம் பிடிப்பது. செமினோமா குடும்பத்துக் கட்டிகள் திரும்பி வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே வரும். ஆகவே ஆரம்பத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வார்கள். இடைவெளி போகப்போக நான்கு மாதம், ஆறு மாதம், ஓராண்டு என்று நீளும். ரத்தத்தில் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். அளவுகளைப் பார்ப்பார்கள், குறித்த காலத்தில் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். நோய்க்கு நோய் இந்த அட்டவணை மாறும். மார்பகப் புற்றுக்கு ஆண்டுதோறும் மாமோகிராம். பெருங்குடல் புற்றுக்கு சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனையும் கொலனோஸ்கோப்பியும்.

இரண்டாவது வேலை, மருந்து விட்டுப்போன சேதத்தைக் கணக்கெடுப்பது. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கலாம். விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யலாம். பந்தைப் பிடிக்கிறவருக்கு விரல் நுனி எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. கூடவே தரப்படும் பிளியோமைசின் நுரையீரலைத் தழும்பாக்கலாம். 1996-இல் விதைப்பைப் புற்றுநோய் வந்த சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு இதே இண்டியானாபொலிஸ் மருத்துவமனையில் முதல் சுற்றுக்குப் பிறகு அதை நிறுத்திவிட்டு வேறு மருந்து கொடுத்தார்கள். அவர் பிழைப்பே மூச்சை நம்பியது என்பதுதான் காரணம். அவர் பின்னால் வென்ற ஏழு பட்டங்களும் ஊக்கமருந்து விவகாரத்தில் 2012-இல் பறிபோயின. மருந்துத் தேர்வில் இருந்த பாடம் பறிபோகவில்லை. தான் விளையாடுகிறவர் என்பதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இனி விளையாட்டுக்குத் திரும்புவது. சிகிச்சை முடிந்தவர் அசையாமல் கிடக்க வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. மார்பக அறுவைக்குப் பின் கையை அழுத்தி வேலை வாங்கினால் கை வீங்கும் என்ற பயத்தைச் சோதிக்க, 1996-இல் கனடாவின் வான்கூவரில் மருத்துவர் டான் மெக்கென்சி 24 பெண்களைத் துடுப்புப் போட வைத்தார். பயந்தபடி ஒருவருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. 2025-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு இன்னும் அழுத்தமானது. பெருங்குடல் புற்றுக்குச் சிகிச்சை முடிந்த 889 பேரில் ஒரு பாதிக்கு மூன்று ஆண்டுகள் பயிற்சியாளர் துணையோடு உடற்பயிற்சி தந்தார்கள். ஐந்தாம் ஆண்டில் அவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் நோயின்றி இருந்தார்கள்; மற்ற பாதியில் அது சுமார் 74 சதவீதம். ஆனால் ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தாலோ, நோய் எலும்பைத் தொட்டிருந்தாலோ, மருந்தேற்றும் குழாய் உடம்பில் இருந்தாலோ கபடி போன்ற மோதல் ஆட்டங்கள் ஆகாது. நடை முதலில், ஓட்டம் பிறகு, போட்டி கடைசியில். யுவராஜும் 2013-இல் ஜாகீர் கானோடு பிரான்சுக்குப் போய் உடம்பை அடியிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. ஒருநாள் ஆட்டங்களில் அவருடைய அதிகபட்சமான 150 கட்டக்கில் வந்தது 2017-இல்.

காரைக்கால்மேட்டில் செக்-அப் தேதி வேறொரு நாட்காட்டியோடு மோதுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும், ஆளும் ஊரில் இருப்பார். தடை நீங்கிப் படகு இறங்கிவிட்டால் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த நாள் மீன்பாட்டில் வரும் பங்கு போகும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை ஏறத்தாழ 130 கிலோமீட்டர். காரைக்காலும் புதுச்சேரியும் ஒரே ஆட்சிக்கு உட்பட்டவை என்றாலும் போக வேண்டிய வழி தமிழ்நாட்டுக்குள்: சீர்காழி, சிதம்பரம், கடலூர். விடியற்காலைப் பேருந்தில் ஏறுகிறவரின் மஞ்சள் பையில் ஃபைல், போன தடவை எடுத்த பிலிம், சாப்பிடாமல் வரச் சொன்னதால் பிரிக்காத இட்லிப் பொட்டலம். பழைய பிலிமை மறக்கக் கூடாது. புதியதை அதோடு ஒப்பிட்டால்தான் மருத்துவரால் எதையும் சொல்ல முடியும். தூரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு டிங்கோ சிங்கே சாட்சி. 1998 ஆசிய விளையாட்டில் குத்துச்சண்டைத் தங்கம் வென்ற அந்த மணிப்பூர் வீரருக்குக் கல்லீரல் புற்றுநோய். 2020 ஊரடங்கில் டெல்லி சிகிச்சைக்குப் போக முடியாமல் தவித்து, கடைசியில் விமான ஆம்புலன்ஸில் போனார். 2021 ஜூனில் இறந்தார்.

தூரத்தைவிடப் பெரிய தடை, வாலிபால் வலைக்குப் பக்கத்தில் நின்று கேட்கப்படும் கேள்வி: “நல்லாத்தானப்பா ஆடுற, இன்னும் எதுக்கு ஆஸ்பத்திரி?” அன்போடு கேட்பதுதான். அதற்குப் பதில் அந்த 113. உடம்பு அறிகுறி காட்டிக்கொண்டிருந்த நாளிலேயே உலகக் கோப்பையில் சதம் அடிக்க முடிந்தது என்றால், நன்றாக ஆடுவது எதற்கும் அத்தாட்சி இல்லை. அதை ரத்தமும் ஸ்கேனும்தான் சொல்லும்.

ஆகவே ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் டீம் கேப்டன்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிகிச்சை முடித்துத் திரும்பிய ஆட்டக்காரரின் செக்-அப் தேதியை முதலில் கேட்டுக்கொண்டு, மேட்ச் தேதியை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள். அன்று அவரோடு பேருந்தில் ஒருவர் துணைக்குப் போகட்டும். இழந்த பங்கை மற்றவர்கள் சேர்ந்து ஈடுகட்டட்டும். காணொளியை அதற்குப் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம்.