புளி போடாதீர்கள்!

புழலிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கொல்லையில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்களாம். முழங்கால் ஆழத்தில் மண்வெட்டி 'ணங்'கென்று மோதியது. எடுத்துப் பார்த்தால், உள்ளங்கை அகலத்தில் பச்சை பிடித்த உலோகத் துண்டு. ஓரத்தில் ஒரு வளையம். "புளி போட்டுத் தேய்த்தேன்; பாதிதான் பளபளத்தது. மீதியையும் தேய்க்கட்டுமா? இது என்ன சாமான்?" என்று கேட்கிறார்.

வேண்டாம், சகோதரி! புளி ரசத்தோடு இருக்கட்டும்.

வீட்டுக் குத்துவிளக்கைத் தேய்ப்பது லட்சணம்தான். ஆனால் மண்ணில் கிடந்த பொருளுக்கு, அதன் களிம்பும் ஒட்டிய மண்ணும்தான் ஜாதகம். பச்சை படர்ந்திருந்தால் செம்போ, வெண்கலமோ, பித்தளையோ. செங்கல் நிறத்தில் செதில் செதிலாக உதிர்ந்தால் இரும்பு. சிறியதாக இருந்தும் கனத்து, சாம்பல் பூத்திருந்தால் ஈயமாக இருக்கலாம். தங்கத்தை மட்டும் மண் ஒன்றும் செய்வதில்லை.

'மண்ணாவது, ஜாதகமாவது!' என்று சிரிக்காதீர்கள். 1976ல் தஞ்சை ஜில்லா பத்தூரில் ஒரு கூலித் தொழிலாளி மண்ணைத் தோண்டியபோது நடராஜர் விக்கிரகம் கிடைத்தது. அது கை மாறிக் கை மாறிக் கடல் கடந்துவிட்டது. வாங்கியது ஒரு கனடாக் கம்பெனி. பழுது பார்க்க லண்டனில் கொடுத்திருந்தபோது போலீஸார் கைப்பற்றினர். பத்தூர் நடராஜர்தானா இவர் என்று கோர்ட்டில் வழக்கு. பத்தூரில் கிடைத்த மற்ற விக்கிரகங்களோடு இதை வைத்து, ஒட்டியிருந்த மண்ணையும் கறையான் தடத்தையும்கூட நிபுணர்கள் ஒப்பிட்டுச் சாட்சி சொன்னார்கள். 1988ல் நம் பக்கம் தீர்ப்பாயிற்று. 1991ல் அப்பீலிலும் ஜெயம். நடராஜர் தமிழ்நாடு திரும்பினார். நடுவில் யாராவது நன்றாகப் புளி போட்டுத் தேய்த்திருந்தால்?

ஆகவே, ஏதாவது தட்டுப்பட்டால் தோண்டுவதை நிறுத்துங்கள். இருந்த இடத்திலேயே ஒரு படம் எடுங்கள். எவ்வளவு ஆழம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கழுவாமல் காகிதத்தில் சுற்றி, ஈரம் படாமல் வையுங்கள். பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். உருக்கியபின் எந்த நிபுணராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு எச்சரிக்கை: நீண்டு, முனை கூம்பிய குண்டு போல இருந்தால் தொடவே வேண்டாம். 1914ல் எம்டன் கப்பல் சென்னையின்மேல் குண்டு பொழிந்த கதை தெரியுமல்லவா? குழந்தைகளை விலக்கிவிட்டு உடனே போலீசுக்குச் சொல்லுங்கள்.

சட்டமும் உண்டு. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 'சர்க்கார் பிடுங்கிக்கொள்ளுமே' என்று பயப்படாதீர்கள். சொன்னவருக்குப் பங்கு உண்டு. மறைத்தவருக்குப் பங்கும் போய், தண்டனையும் வரும்.

உங்கள் சாமான் பழைய தூக்குவிளக்கின் மூடியாக இருக்கலாம். யாரோ ஒரு பாட்டியின் வெற்றிலைப் பெட்டி மூடியாகவும் இருக்கலாம். கடிதத்தைப் பார்த்து நான் சொல்வது ஜோசியம்தான். தேய்த்த பாதி போகட்டும், சகோதரி. தேய்க்காத பாதியை அப்படியே தாசில்தார் ஆபீசில் காட்டுங்கள். அவர்கள் சொன்ன பதிலை எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.